கண்டவர் விண்டிலர்

"கண்டவர் விண்டிலர்; விண்டவர் கண்டிலர்" என்பது எம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. சொல்லுக்குள் அடங்காத மெய்ப்பொருளைக் குறித்து எழுந்தது அது. ஆனால், சொல்லுக்குள் அடங்கும் ஒன்றை, மூன்றே எழுத்திற் கூறி முடித்துவிடக்கூடிய ஒன்றைக் கண்டறிந்த பின்னும், அதனை விள்ளாதிருப்பதையே நன்னெறியாகக் கொண்ட கூட்டத்தார் சிலரும் இவ்வுலகில் உளர். அவர்கள் துறவியருமல்லர், தத்துவ ஞானிகளுமல்லர். பத்திரிகையின் ஒரு மூலையில் இடம்பெறும் குறுக்கெழுத்துப் புதிரை விடுவிப்போரே அவர்கள். இலக்கியப் பகுதியின் ஆசிரியத் தலையங்கத்துக்கு இது தகுந்த பொருளா என்று வாசகர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். வாசித்தல் என்றால் என்ன, கற்பித்தல் என்றால் என்ன என்னும் இரு வினாக்களையும் அவர்களுடைய வழக்கம் தொட்டு நிற்கிறது. ஆதலின், இப்பொருளை இவ்வாரம் எடுத்துக்கொண்டோம்.

குறுக்கெழுத்துப் புதிரின் வரலாறு நீண்டதன்று. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஆதர் வின் என்னும் பத்திரிகையாளர், 'நியூ யோர்க் வேர்ல்ட்' பத்திரிகையின் ஞாயிறு அநுபந்தத்தில் 1913 டிசெம்பர் 21 ஆந் திகதி வைர வடிவான சொற்கட்டம் ஒன்றை வெளியிட்டார். இன்றைய குறுக்கெழுத்துப் புதிரின் தொடக்கம் அதுவே. 1924 இல் இத்தகைய புதிர்களைத் தொகுத்த முதல் நூல் நியூ யோர்க்கில் வெளியாயிற்று. அதன் பின்னர் இவ்விளையாட்டு நாடெங்கும் பரவிற்று. இடமிருந்து வலம் சில சொற்கள், மேலிருந்து கீழ் சில சொற்கள். கட்டங்கள் நிறைந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிடலாம். எம் நாட்டு வாசகரும் நன்கறிந்த புதிர் இதுதான். யாம் கூற வந்த புதிரோ, கட்டங்கள் நிறைந்த பின்னரே தொடங்குகிறது.

பி.பி.சி. நிறுவனம் நடத்திய 'லிஸனர்' என்னும் வார இதழில் 1930 ஏப்பிரிலில் ஒரு புதிர்த் தொடர் ஆரம்பமாயிற்று. 1991 இல் அவ்விதழ் நின்றபோது இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை அத்தொடரை ஏற்றுக்கொண்டது. அப்புதிரிற் கட்டங்களை நிரப்புதல் பாதி வேலைதான். நிரப்பிய கட்டங்களுக்குள் ஒரு வாசகமோ, ஒரு பெயரோ, ஓர் உருவமோ ஒளிந்திருக்கும். அதனைக் கண்டு, சில எழுத்துக்களை மாற்றியோ, சில கட்டங்களைத் தனித்துக் காட்டியோ அனுப்பினால் மட்டுமே விடை நிறைவுபெறும். அமெரிக்காவில் மற் காஃப்னி என்னும் புதிராசிரியர் 2008 இல் வாரமொரு புதிர் என்ற முறையிற் போட்டியொன்றைத் தொடக்கினார். கட்டங்களை நிரப்பியவர் அவற்றுள் கரந்துறையும் ஒரு சொல்லை அல்லது தொடரைக் கண்டறிந்து எழுத வேண்டும். மாதத்தின் முதல் வாரத்தில் எளிதாக இருக்கும் புதிர், வாரந்தோறும் கடுமை ஏறி, இறுதி வாரத்தில் தேர்ந்த கைகளையும் திணறச் செய்யும். 'வோல் ஸ்ரீற் ஜேர்ணல்' பத்திரிகையும் 2015 இல் வெள்ளிக்கிழமை தோறும் இவ்வகைப் போட்டியை ஆரம்பித்தது. ஞாயிறு நள்ளிரவுவரை விடை அனுப்பலாம். சரியான விடை அனுப்பியோருள் ஒருவரைக் குலுக்கல் முறையில் தெரிந்து அவருக்கு வழங்கிய பரிசு ஒரு தேநீர்க் குவளை!

இக்கரந்த விடை எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்க, தமிழிற் சிறு எடுத்துக்காட்டு ஒன்றை யாமே அமைத்துத் தருகின்றோம். புதிரின் தலைப்பு: 'உறுப்பு நீங்கினால்.' மூன்று குறிப்புகள். முதலாவது, அகப்பாடலில் தோழிக்கு உற்றவள்; விடை, தலைவி. இரண்டாவது, காடு திருத்தினாற் கிடைப்பது, விடை, நாடு. மூன்றாவது, பூட்டிய அறைக்குள் நாளை எண்ணுபவன், விடை, கைதி. தலைவி, நாடு, கைதி. கட்டங்கள் நிறைந்துவிட்டன. இம்மூன்றும் சேர்ந்து, இவ்வரிசையிலேயே, நான்காவது சொல் ஒன்றைத் தருகின்றன. அச்சொல் யாது?

மாணவர் மூவர் கூடியிருந்து இதனை ஆராய்வதாகக் கொள்வோம். ஒருவர் உடனே, "விடுதலை" என்கிறார். கைதி வேண்டுவது விடுதலை; நாடு வேண்டுவதும் விடுதலை; தலைவி அதற்காக முன்னின்றவள். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆயின், அதே நியாயத்தாற் சிறை என்றும் கூறலாம். அரசு என்றும் கூறலாம். புரட்சி என்றும் கூறலாம். அம்மூன்று சொற்களையும் கேட்டபோது அவர் மனத்தில் எழுந்த ஓர் எண்ணமே விடுதலை. புதிரின் தலைப்பை அது தீண்டவேயில்லை. (அவ்வாறு கூறியவர் விடைக்கு மிக அயலிலேயே நிற்கிறார் என்பது வேறு செய்தி.) இரண்டாமவர், பொருளை மறந்து எழுத்தை மட்டும் நோக்கி, முதற்சொல்லின் தொடக்கத்தில் உடம்பின் ஓர் அங்கம் இருப்பதைக் காண்கிறார். மூன்றாமவர் அதனைக் கேட்டமாத்திரத்தே இறுதிச் சொல்லிலும் அவ்வாறே ஒன்று இருப்பதைச் சுட்டுகிறார். நடுச்சொல்லில் மூவரும் தடுமாறுகின்றனர். அங்கே வந்த நான்காமவர் ஒருவர், "எதனைக் காவாவிடினும் ஒன்றைக் காக்கும்படி வள்ளுவர் கூறியது எதனை?" என்று மட்டும் கேட்டு அப்பாற் செல்கிறார். மூவர் முகமும் ஒருங்கே மலர்கின்றன.

விடையை யாம் இங்கே எழுதப் போவதில்லை. இதற்குள் வாசகர் அதனைக் கண்டிருப்பர். காணாதவர் கடிதாசி ஒன்றில் எழுதிப் பார்ப்பின் காண்பர்.

இச்சிறு விளையாட்டில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. முதலாவது, சரியான விடை தன்னைத் தானே மெய்ப்பிக்கிறது. அது கிடைத்தபின் புதிரிலே மிச்சம் எதுவும் இருப்பதில்லை. தலைப்பு ஏன் வந்தது, அம்மூன்று சொற்கள் ஏன் வந்தன, அவ்வரிசை ஏன் வந்தது என்னும் வினாக்கள் யாவும் ஒருங்கே அடங்கிவிடுகின்றன. பிழையான விடையோ ஒன்றை விளக்கி இரண்டைக் கைவிடும். இரண்டாவது, இவ்விடையை நால்வரில் எவரும் தனியே காணவில்லை. ஒருவர் கண்ணுக்குப் பட்டது மற்றவர் கண்ணுக்குப் படவில்லை. பிழையாகக் கூறியவரும் பயனின்றிப் போகவில்லை. பொருள்வழிச் சென்றால் ஊர் போய்ச் சேரமாட்டோம் என்பதை அவரே ஏனையோருக்குக் காட்டினார்.

மேலே குறித்த வெள்ளிக்கிழமைப் புதிர்களை விடுவிப்போர் சிலரிடையே ஒரு மரபு உண்டு. விடை கண்டவர், "நான் கரையேறிவிட்டேன்" என்று மட்டும் அறிவிப்பார். எவ்வழியாற் கரையேறினார் என்பதைப் போட்டி முடியும்வரை வாய்திறந்து சொல்லார். இன்னும் கடலில் தத்தளிப்பவர் உதவி கேட்பின், கரையில் நிற்பவர் அவரைத் தூக்கிக் கரையிற் போடுவதில்லை. நீந்த வேண்டிய திசையைச் சுட்டுவார். அதற்கும் ஒரு படிமுறை உண்டு. முதலில், "இதுவரை எதை எதைப் பார்த்தீர்?" என்று கேட்பார். அடுத்து, "தலைப்பை மீண்டும் ஒருமுறை படித்துப் பாரும்" என்பார். அதுவும் போதாதெனின், எந்தச் சொல்லை உற்றுநோக்க வேண்டும் என்று சாடையாகக் கூறுவார். கேட்டவருக்குத் தேவையான அளவுக்கு மேல் ஓர் இம்மியும் சொல்லாதிருப்பதே அங்கே திறமை. விடையைச் சொல்லிவிடுதல் எவருக்கும் எளிது. சொல்லாமல் காணச் செய்தலே அரிது.

இவ்விடத்தில் இன்னொன்றையும் நோக்க வேண்டும். சரியான விடை அனுப்பியோருள் ஒருவருக்கே பரிசு. எனவே, யான் ஒருவருக்கு வழிகாட்டுந்தோறும் எனக்குப் பரிசு விழும் வாய்ப்பு அவ்வளவுக்குக் குறைகிறது. அவ்வாறிருந்தும் அவர்கள் உதவுகின்றனர். குவளை ஒன்றுக்காக எவரும் ஞாயிறு நள்ளிரவுவரை கண்விழிப்பதில்லை என்பதே இதன் காரணம்.

இதற்கு நேர்மாறான காட்சியையும் இவ்விளையாட்டின் வரலாறு காட்டியிருக்கிறது. அயல்நாடான இந்தியாவில் ஒரு காலத்திற் பெரும்பணப் பரிசுடன் குறுக்கெழுத்துப் போட்டிகள் நடந்தன. ஒரு குறிப்புக்கு இரண்டு சொற்கள் சமமாகப் பொருந்தும். அவற்றுள் எதனை நடத்துவோர் முத்திரையிட்டு வைத்துள்ளனர் என்பதை ஊகிப்பதே போட்டி. அறிவுக்கு அங்கே வேலையில்லை. 1955 இல் இந்திய நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றை இயற்றியது. 1957 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், திறமையின் பாற்பட்ட போட்டி வேறு, தற்செயலின் பாற்பட்ட போட்டி வேறு என வகுத்து, பின்னையது சூதாட்டமே எனக் கொண்டு அச்சட்டத்தை ஏற்றது. சூதாட்டப் புதிரிற் கூட்டுறவு தோன்றாது; தோன்றவும் முடியாது. ஆராய்ந்து காண்பதற்கு அங்கே மெய் ஏதும் இல்லை. மெய் இல்லாதவிடத்து வழிகாட்டல் எங்ஙனம் நிகழும்? பலர் கூடித் தேடுவதற்கு முதல் நிபந்தனை, தேடப்படுவது உண்மையாகவே அங்கு இருக்கவேண்டும் என்பது.

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் நிகழும் புதிர் வேட்டை இக்கூட்டுறவின் பேருருவம் எனலாம். பிராட்லி ஷேஃபர் என்னும் பட்டப்பின் மாணவர் 1981 இல் அதனைத் தொடக்கினார். ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் ஒரு வார இறுதியில் அது நடைபெறும். பதின்மர் முதல் நூற்றுவர்வரை கொண்ட அணிகள் இரவு பகலாக முயல்வர். ஒவ்வொரு புதிரும் ஒரு சொல்லைத் தரும். அச்சொற்கள் பல கூடி, அவற்றுக்கு மேலான இன்னொரு புதிருக்கு உறுப்பாகும். அவ்வாறான மேற்புதிர்கள் பல கூடி, மறைத்துவைத்த நாணயம் ஒன்றுக்கு வழிகாட்டும். வென்ற அணி பெறும் பரிசு யாது தெரியுமா? அடுத்த ஆண்டுக்கான வேட்டை முழுவதையும் ஆக்கித்தரும் பொறுப்பு! ஓராண்டு உழைப்பு அது. ஏனையோரை மகிழ்விக்கும் கடமையையே வெற்றியின் மகுடமாக அணிவித்த வழக்கம் வேறு எந்த விளையாட்டில் உண்டு என்று எமக்குத் தோன்றவில்லை.

இவையெல்லாம் மேலைநாட்டார் விளையாட்டு. எமக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார் சிலர். 'எல்லாம் எம்மிடம் முன்னரே இருந்தன' என்று மார்தட்டுவது எமது நோக்கமன்று. குறுக்கெழுத்துப் புதிர் எம்மிடமிருந்து போனதுமன்று. ஆயினும், விடைகளைக் கூட்டிப் பெருவிடை காணும் இவ்வுத்தி தமிழுக்குப் புதியதன்று என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். தண்டியலங்காரம் சொல்லணியியலிற் கூறும் சித்திரகவிகளுள் வினாவுத்தரம் என்பது ஒன்று. அதன் உரையிற் காணும் எடுத்துக்காட்டிலே தொடர்ந்து சில வினாக்கள் எழுகின்றன. அவற்றுக்குரிய விடைகள் திரு, ஏகு, அம்பு, அம் என்பன. இந்நான்கும் புணர்ந்தால், இறைவன் உவந்துறையும் இடம் யாது என்ற இறுதி வினாவுக்குத் திருவேகம்பம் என்னும் விடை தானே வந்து நிற்கிறது. ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்துவைக்கும் காதை கரப்பு, கரந்துறைச் செய்யுள் ஆகியவையும் அவ்வியலிலேயே பேசப்படுகின்றன. நொடி என்று எம் கிராமங்களில் வழங்கும் விடுகதையோ பாட்டியின் மடியிலேயே எமக்கு அறிமுகமானது.

பின், எம்மிடம் குறைந்தது யாது? சித்திரகவியை நாம் பெரும்பாலும் விடையோடு சேர்த்தே படித்தோம். செய்யுளின் கீழே உரை இருந்தது; உரையில் விடை இருந்தது. வியந்தோம்; தேடவில்லை. வியத்தலும் தேடலும் ஒன்றல்ல.

இக்குறை சித்திரகவியோடு நின்றிருந்தால் இத்தலையங்கத்துக்கு அவசியமே இல்லை. எம் வகுப்பறைகளில் இலக்கியம் கற்பிக்கப்படும் முறையை ஆசிரியர்கள் தாமே எண்ணிப் பார்க்கட்டும். ஐங்குறுநூற்றின் எருமைப்பத்துப் போன்ற மருதப் பாடல்களில் எருமை பூவைச் சிதைத்து மேயும் காட்சி வரும். அக்காட்சிக்குள் தலைவனின் ஒழுக்கம் குறித்த பேச்சு மறைந்திருக்கும். உள்ளுறை என்று தொல்காப்பியம் இதற்குப் பெயர் சூட்டியது. எருமை எது, பூ எது, பழனம் எது என ஒவ்வொரு கூறும் பொருந்தி வரும்போது மாணவன் உள்ளத்தில் ஒரு விளக்கு எரிய வேண்டும். நடப்பது யாது? "இங்கு எருமை தலைவனைக் குறிக்கும்" என்று கரும்பலகையில் எழுதப்படுகிறது. மாணவன் குறிப்பேட்டிற் பெயர்த்துக் கொள்கிறான். பரீட்சைத் தாளில் அதனைத் திருப்பி எழுதிப் புள்ளி பெறுகிறான். அவன் பாடலை வாசித்தானா? வாசிக்கவில்லை. விடையை வாசித்தான். கடைகளில் அடுக்கப்பட்டுள்ள வினாவிடைத் தொகுப்புகள் இவ்வேலையை இன்னும் இலேசாக்கிவிட்டன. உள்ளுறையைக் காணும் இன்பத்தை வாழ்நாளில் ஒருமுறையேனும் அநுபவியாமலே இலக்கியத்தில் விசேட சித்தி பெற்று ஒருவர் வெளியேற முடியும் என்றால், அச்சித்தியின் பொருள் என்ன?

இதற்காக ஆசிரியரை மட்டும் நோவது நியாயமாகாது. பாடவிதானத்தின் நீளம், பரீட்சையின் நெருக்கம், பெற்றோரின் எதிர்பார்ப்பு யாவும் அவரைத் துரத்துகின்றன. நாற்பது நிமிடத்தில் ஒரு பாடலை முடிக்க வேண்டியவருக்கு நாற்பது பேரும் தாமே கண்டறியும்வரை காத்திருக்க நேரம் எங்கே என்ற கேள்விக்கு எளிதான விடை இல்லை. ஆனால், பத்துப் பாடல்களில் ஒன்றையேனும் அவ்வாறு கற்பிக்க முடியாதா? புதிர் விடுவிப்போர் கைக்கொள்ளும் படிமுறை அவருக்கு உதவும். முதலில், "எதைக் கண்டாய்?" என்று கேட்டல், அடுத்து, பார்க்க வேண்டிய இடத்தைச் சுட்டல், அதற்கும் பின், மிகச் சிறிய சாடை. ஒரு பாடலைத் தானே திறந்தவன் மற்ற ஒன்பதையும் வேறு கண்ணோடு நோக்குவான்.

கவிதை புதிரன்று, அதற்கு ஒற்றை விடை இல்லை என்று இலக்கிய வட்டத்தார் மறுக்கக்கூடும். மறுப்பு முற்றிலும் சரியானதே. நல்ல கவிதை ஒவ்வொரு வாசிப்பிலும் புதிதாய் விரிவது. விடுவித்த புதிரோ உலர்ந்த பூ. ஆயினும், கவிதைக்குப் பல பொருள் உண்டு என்பதனால் எப்பொருளும் பொருந்தும் என்று ஆகிவிடாது. எம் விமரிசனக் கூட்டங்களில் "விடுதலை" என்று எழுந்து கூறும் குரல்கள் மிகப் பல. மூன்று சொற்களைக் கண்டதும் தமக்குப் பிடித்த கருத்து ஒன்றை அவற்றின்மேற் போர்த்துவிட்டு அமர்ந்துவிடுவர். ஏனைய அடிகள் என்னாயின, தலைப்பு என்னாயிற்று, அச்சொல் ஏன் அவ்விடத்தில் வந்தது என்று கேட்பாரில்லை. படைப்பின் எந்தக் கூறையும் கைவிடாமல் விளக்க முயலும் ஒழுக்கத்தைப் புதிர் விடுவிப்போரிடம் நாம் கற்கலாம். பிழையான ஊகத்தைக் கூறியவரை எள்ளாமல் அவருக்கும் நன்றி பாராட்டும் பண்பையும் அவர்களிடம் கற்கலாம்.

பலர் கூடித் தேடும்போது சோம்பேறிகள் பிறர் உழைப்பிற் குளிர்காயமாட்டாரா என்று ஐயுறுவோரும் உளர். குளிர்காய்வோர் இருப்பர், எக்கூட்டத்திலும் இருப்பர். அவர்களுக்கு இழப்பு மற்றவரால் வருவதன்று. பிறர் சொல்லக் கேட்ட விடை ஒரு செய்தி. தான் கண்ட விடை ஓர் அநுபவம். அநுபவத்தை ஒருமுறை சுவைத்தவன் செய்திக்காகக் கையேந்தமாட்டான். ஆகையால், அச்சுவையை ஒவ்வொருவருக்கும் ஒருமுறையாவது ஊட்டிவிடுவதே கூட்டத்தின் கடமை. அதன் பின்னர் காவல் தேவையில்லை.

பாடசாலைத் தமிழ் மன்றங்களுக்கும் ஊர்தோறும் இயங்கும் இலக்கிய வட்டங்களுக்கும் யாம் விடுக்கும் வேண்டுகோள் சிறியது. மாதம் ஒருமுறை, கரந்த விடை கொண்ட சொற்புதிர் ஒன்றைத் தமிழில் அமைத்துப் பாருங்கள். உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் உயிர்மெய்யும் புணர்ச்சி விதிகளும் இதற்கென்றே வகுத்தவைபோல் வந்து உதவுவதைக் காண்பீர்கள். புதிரை அமைப்பவர் மாணவராகவே இருக்கட்டும். சென்ற மாதம் விடுவித்தவரே இம்மாதம் அமைக்கட்டும். அடுத்த அமர்வில் பாடல் ஒன்றை எடுத்து, உரையை மூடி வைத்துவிட்டு, அதே முறையில் அணுகிப் பாருங்கள். கண்டவர் கையை உயர்த்தட்டும், வாயைத் திறவாதிருக்கட்டும்.

சொல்லத் தெரிந்தவர்கள் எம்மிடையே நிறைய உளர். மேடைகளும் பஞ்சமின்றி உள. அருகிலிருப்பவன் தானே காணும்வரை பொறுத்திருக்கத் தெரிந்தவர்களே இன்று எமக்குத் தேவைப்படுகின்றனர்.